மருந்து சுமக்கும் மணல்: நுண்துளைச் சிலிக்கா பற்றி ஓர் அறிமுகம்

தமிழ் படிப்பிக்கிற ஒருவனுக்கு மருந்துத் துணிக்கைகளைப் பற்றி எழுத என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தகுதி என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஒரு தேவை வந்தது, அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் என் ராத்தாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று கண்டார்கள். சத்திர சிகிச்சை முடிந்து மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். மூன்று கிழமைக்கு ஒரு தடவை. போத்தலில் இருந்து இறங்கும் மருந்து நல்ல சிவப்பு. வார்ட்டில் எல்லாருமே அதை 'சிவப்பு மருந்து' என்றுதான் சொன்னார்கள். இரண்டாவது தடவை ஏற்றிய பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாகக் கழன்றது. வாயெல்லாம் புண். கஞ்சிகூட இறங்கவில்லை. அந்த நேரத்தில்தான் மருமகன் கைத்தொலைபேசியில் ஒரு செய்தியைக் கொண்டுவந்து காட்டினான். 'நனோ சிலிக்கா துளிகள்' என்று ஒரு போத்தல். புற்றுநோய்க் கலத்தை மட்டும் தேடிப் போய் அழிக்குமாம், வேறு எதையும் தொடாதாம், மூன்று போத்தல் போதுமாம், வைத்தியசாலை மருந்தை நிறுத்திவிடலாமாம். விலையைக் கேட்டால் ராத்தாவின் கையில் கிடந்த காப்பில் ஒன்றை விற்க வேண்டும்.

"தம்பி, நீங்க படிச்ச ஆள். இது மெய்யா பொய்யா எண்டு சொல்லுங்க" என்றா ராத்தா.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "வைத்தியரைக் கேட்காம ஒண்டும் குடிக்க வேணாம்" என்று மட்டும் சொன்னேன். அது சரியான சொல்தான், ஆனால் பதில் இல்லை. பிறகு எங்கள் பாடசாலையின் இரசாயனவியல் ஆசிரியரைப் பிடித்து, அவர் சொன்னவற்றை வாசித்து, விளங்காத இடத்தில் திரும்பவும் அவரிடமே போய், கொஞ்சம் கொஞ்சமாக விளங்கிக்கொண்டேன். அன்றிரவு சொல்ல முடியாமற்போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் செய்தி முழுப்பொய் அல்ல. அதற்கு அடியில் உண்மையான ஒரு விஞ்ஞானம் கிடக்கிறது. முழுப்பொய்யை இலகுவாகக் கண்டுபிடித்துவிடலாம். கால்வாசி மெய் கலந்த பொய்தான் ஆளைக் கவிழ்க்கும்.

மருந்து ஏன் எல்லா இடத்துக்கும் போகிறது?

குருதியில் ஏற்றுகிற மருந்துக்கு முகவரி கிடையாது. ஒரு வரவைக்கு மட்டும் தண்ணீர் தேவை என்றால் நாம் வாய்க்காலை வெட்டி, மற்ற வரம்புகளை அடைத்துத் திருப்புவோம். உடம்புக்குள் அப்படி அடைக்க முடியாது. குளத்தைத் திறந்துவிட்டால் முழு வெளியும் நனைவதுபோல, மருந்து தலையில் இருந்து கால்வரை போகும்.

ராத்தாவுக்கு ஏற்றிய சிவப்பு மருந்தின் பெயர் டொக்சோரூபிசின். வேகமாகப் பிரிந்து பெருகும் கலங்களை அது தாக்குகிறது. புற்றுநோய்க் கலம் அப்படிப்பட்டது. ஆனால் முடியின் வேரும், வாயின் உட்தோலும், எலும்பு மச்சையும் அப்படிப்பட்டவைதான். ஆகவே அவையும் அடிபடுகின்றன. இதைவிடப் பெரிய கவலை இதயம். இந்த மருந்து இதயத் தசையைப் பலவீனப்படுத்தக் கூடியது. அதனால் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் இவ்வளவுதான் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள்: உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் மொத்தமாக ஏறத்தாழ 450 முதல் 550 மில்லிகிராம். நோய் மிச்சம் இருந்தாலும் அந்த எல்லையைத் தாண்டுவது ஆபத்து.

மருந்து குறித்த இடத்துக்கு மட்டும் போனால் என்ன என்ற ஆசை புதிதல்ல. ஜேர்மனிய அறிஞர் போல் எர்லிச், நூறு வருடங்களுக்கு முன்னரே, நோயை மட்டும் தாக்கி உடலை விட்டுவிடும் மருந்தை ஒரு 'மாயத் தோட்டா'வாகக் கற்பனை செய்தார். 1908இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அந்தத் தோட்டாவைத் தேடும் வழிகளில் ஒன்றுதான் நாம் பார்க்கப்போகும் நுண்துளைச் சிலிக்கா.

சிலிக்கா என்பது என்ன?

பெயர்தான் புதிது, பொருள் பழையது. ஒரு சிலிக்கன் அணுவுக்கு இரண்டு ஒட்சிசன் அணு என்ற கணக்கில் சேர்ந்தது சிலிக்கா. கடற்கரை மணலின் பெரும்பகுதி அதுதான். கண்ணாடி அதில் இருந்துதான் வருகிறது. நாத்தாண்டியா, மாரவில பக்கம் அள்ளப்படும் வெள்ளை மணல் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் போவது பலருக்குத் தெரியும். நெல்லுமியிலும் அது இருக்கிறது. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு அளவில் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் சிலிக்காதான்.

"மண்ணைத் திண்டா வருத்தம் வரும் எண்டுதானே உம்மா சொல்றா, சேர்?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. சிலிக்காவுக்கு இரண்டு முகம் உண்டு. அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட பளிங்குருச் சிலிக்காவின் தூசியை வருடக்கணக்காகச் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறிப் போகும். கல் உடைக்கும் தொழிலாளருக்கு வரும் சிலிக்கோசிஸ் நோய் அதுதான். அணுக்கள் ஒழுங்கின்றிக் கிடக்கும் பளிங்குருவற்ற சிலிக்கா வேறு. உப்புத்தூள், பால்மா போன்றவை கட்டிபடாமல் இருக்க அதைச் சேர்க்க அனுமதி உண்டு. உணவுப் பொதிகளில் ஈ 551 என்று இருந்தால் அது இதுதான். மருந்து சுமக்கச் செய்யப்படுவதும் இந்த இரண்டாவது வகைதான்.

'நனோ' என்ற சொல்லையும் பார்த்துவிடுவோம். கிரேக்க மொழியில் குள்ளனைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். செங்குருதிக் கலம் 7,000 முதல் 8,000 வரை. நாம் பேசும் சிலிக்காத் துணிக்கை ஏறத்தாழ 100. அந்த முடியின் குறுக்கே இவற்றில் 800ஐ வரிசையாக வைக்கலாம்.

துளையை யார் போட்டது?

இவ்வளவு சிறிய மணியில் துளை போட எந்த ஊசியாலும் முடியாது. ஆகவே துளை போடுவதில்லை. துளையைச் சுற்றி மணியைக் கட்டுகிறார்கள்.

கொங்கிறீட் போடும் மேசன்மார் தண்ணீர்க்குழாய் போகவேண்டிய இடத்தில் முன்கூட்டியே ஒரு வாழைத்தண்டை வைத்துவிட்டு, சுற்றிக் கலவையைப் போடுவதை ஊரில் கண்டிருக்கிறேன். கலவை இறுகிய பிறகு தண்டை இடித்து எடுத்தால் வழி இருக்கும். இங்கேயும் அதே வேலைதான். தண்டுக்குப் பதில் சவர்க்காரம் போன்ற ஒரு பொருள். அதன் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் விருப்பம், வாலுக்கு வெறுப்பு. தண்ணீரில் போட்டதும் வால்களெல்லாம் உள்ளே ஒளிந்து, தலைகள் வெளியே நின்று, சிறு உருளைகளாகச் சேர்ந்துகொள்ளும். இதற்கு அதிகம் பயன்படும் பொருள், காயம் கழுவும் செற்றிமைட் கிருமிநாசினியோடு ஒரே குடும்பம். அந்த உருளைகளைச் சுற்றிச் சிலிக்காவைப் படியவைக்கிறார்கள். பிறகு 550 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கியோ கரைப்பானால் கழுவியோ உள்ளே இருக்கும் பொருளை அகற்றிவிட்டால், உருளை இருந்த இடமெல்லாம் துளை. தேன்வதை மாதிரி அறுகோண ஒழுங்கில் வரிசையாக இருக்கும். துளையின் அகலம் பொதுவாக 2 முதல் 10 நனோமீற்றர்.

இதைச் செய்தவர்கள் மருந்துக்காகச் செய்யவில்லை என்பதுதான் சுவாரசியம். 1990இல் யப்பானில் குரோடா என்ற பேராசிரியரின் குழு இத்தகைய துளையுள்ள சிலிக்காவை அறிவித்தது. 1992இல் அமெரிக்காவின் மொபில் எண்ணெய்க் கம்பனியின் ஆய்வாளர்கள், கிரெஸ்கேயும் அவருடைய தோழர்களும், எம்.சி.எம். 41 என்று பெயரிட்டு ஒன்றை வெளியிட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது மசகெண்ணெயின் பெரிய மூலக்கூறுகளை உடைக்க உதவும் ஒரு பொருள். மருந்தின் பக்கம் அதைத் திருப்பியது ஸ்பெயின். 2001இல் மட்ரிட் நகரில் மரியா வாலெட் ரெகியின் குழு, நாம் நோவுக்குக் குடிக்கும் இபுபுரோபன் மருந்தை எம்.சி.எம். 41இன் துளைகளுக்குள் ஏற்றி, அது மெதுமெதுவாக வெளியேறுவதைக் காட்டியது. எண்ணெய்க்காரர் வெட்டிய கிணற்றில் வைத்தியர் தண்ணீர் மொண்டார் என்று சொல்லலாம்.

ஒரு கிராமுக்குள் ஒரு காணி

துளையால் என்ன பயன்? இடம். இந்தத் துளைகளின் உட்சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால், ஒரு கிராம் சிலிக்காவில் ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர் பரப்பு இருக்கும். நமது கணக்கில் சொன்னால் 40 பேர்ச்சஸ், அதாவது கால் ஏக்கர். ஒரு சின்னக் கரண்டிப் பொடிக்குள் ஒரு வளவு! அந்தச் சுவர்களில்தான் மருந்து மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. இபுபுரோபன் மூலக்கூறின் நீளம் ஏறத்தாழ 1 நனோமீற்றர்தான், ஆகவே துளைக்குள் தாராளமாகப் போகும்.

இன்னொரு நன்மையும் உண்டு. பல நல்ல மருந்துகள் தண்ணீரில் கரையாதவை. குடித்தாலும் குடலில் பளிங்குக் கட்டியாகக் கிடந்து பெரும்பகுதி வெளியே போய்விடும். ஒடுங்கிய துளைக்குள் அடைபட்ட மருந்துக்குப் பளிங்காக அடுக்கிக்கொள்ள இடம் கிடைப்பதில்லை. அதனால் இலகுவில் கரைகிறது. கொழுப்பைக் குறைக்கும் பெனோபைபிரேற் என்ற மருந்தை இப்படிச் சிலிக்காவில் ஏற்றி, ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. உடல் அதை வழமையைவிடக் கூடுதலாக உறிஞ்சிக்கொண்டது. இது வாயால் குடிக்கிற மருந்து என்பதைக் கவனிக்க வேண்டும். புற்றுநோயைத் தேடிப் போகிற கதை அல்ல.

கதவும் திறப்பும்

துளையில் ஏற்றிய மருந்து வழியிலேயே கசிந்துவிட்டால் பிரயோசனம் இல்லை. போய்ச் சேரும்வரை வாயை மூடவேண்டும், சேர்ந்ததும் திறக்கவேண்டும். 2003இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விக்டர் லின்னின் குழு துளைவாயில்களுக்கு மூடி போட்டுக் காட்டியது. மூடியைத் துளையோடு பிணைத்தது கந்தகப் பிணைப்பு ஒன்று. கலத்துக்கு வெளியே அது உறுதியாக நிற்கும். கலத்துக்குள் குளுற்றாதையோன் என்ற பொருள் பலமடங்கு அதிகம். அதைப் போன்ற பொருள்கள் பட்டால் பிணைப்பு அறுந்து மூடி கழன்றுவிடும். ஆனால் அந்த மூடி கட்மியம் சல்பைட்டால் ஆனது. கட்மியம் நஞ்சு. வழி உண்டு என்பதை ஆய்வுகூடத்தில் காட்டினார்கள், மருந்தைச் செய்துவிடவில்லை.

பிறகு பலவகைக் கதவுகள் வந்தன. அமிலத்தன்மை ஒரு திறப்பு. நமது குருதியின் பீ.எச். பெறுமானம் 7.4. புற்றுக்கட்டியைச் சுற்றி அது சற்றுக் குறைவு. துணிக்கையை விழுங்கிய கலத்தின் பைக்குள் 5 அல்லது 6 வரை இறங்கும். அந்த வேறுபாட்டில் திறக்கும் கதவுகளைக் கலிபோர்னியாவில் ஜெப்ரி சிங்க், பிரேசர் ஸ்ரோடார்ட் ஆகியோர் செய்தார்கள். மூலக்கூற்று இயந்திரங்களுக்காக 2016இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் அதே ஸ்ரோடார்ட்தான். துணிக்கைக்கு வெளியே கொழுப்பு மென்சவ்வைச் சட்டைபோல உடுத்திவிடும் முறையும் உண்டு.

போனவர் எத்தனை பேர், சேர்ந்தவர் எத்தனை பேர்?

இதுவரை வாசித்தவர்கள், 'அப்ப அந்தப் போத்தல் மெய்தானே' என்று நினைக்கலாம். நானும் ஓர் இரவு முழுக்க அப்படித்தான் நினைத்தேன். அடுத்த நாள் வாசித்ததில்தான் கண் திறந்தது.

குருதிக்குள் போன துணிக்கையை உடல் சும்மா விடாது. வந்தேறியைப் பிடித்து விழுங்குவதற்கென்றே ஈரலிலும் மண்ணீரலிலும் கலங்கள் காத்திருக்கின்றன. பெரும்பாலான துணிக்கைகளின் பயணம் அங்கேயே முடிகிறது. கட்டிகளின் குருதிக்குழாய்கள் ஓட்டை உடைசலானவை, ஆகவே நனோத் துணிக்கைகள் அங்கே கசிந்து தங்கும் என்பதை 1986இல் யப்பானிய ஆய்வாளர் மட்சுமுறாவும் மயேடாவும் எடுத்துச் சொன்னார்கள். அந்த நம்பிக்கையின் மேல்தான் இந்தத் துறையின் பெரும்பகுதி எழுந்தது. 2016இல் கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகக் குழு ஒன்று, பத்து வருடங்களில் வெளியான ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தது. எல்லா வகை நனோத் துணிக்கைகளையும் சேர்த்து, ஏற்றியதில் கட்டியை அடைந்தது நடுப்பெறுமானமாக 0.7 சதவீதம். ஆயிரம் பேர் புறப்பட்டு ஏழு பேர் போய்ச் சேர்ந்த கதை. அதுவும் பெரும்பாலும் எலிகளில்.

அதனால் எல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. டொக்சோரூபிசினையே கொழுப்புக் கோளத்துக்குள் அடைத்த டொக்சில் என்ற மருந்துக்கு 1995இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதயத்துக்கு அது செய்யும் பாதிப்புக் குறைவு. நம்மில் பலர் 2021இல் பைசர், மொடேனா தடுப்பூசி போட்டோமே, அவற்றின் உள்ளடக்கத்தைச் சுமந்ததும் கொழுப்பு நனோத் துணிக்கைகள்தான். நனோ என்றாலே ஏமாற்று என்று யாராவது சொன்னால் அதுவும் பிழை.

சிலிக்காவின் நிலை என்ன? கோர்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான மிகச் சிறிய சிலிக்காத் துணிக்கைகள் மனிதரில் பரிசோதிக்கப்பட்டு, முதல் முடிவுகள் 2014இல் வெளிவந்தன. பரவிய தோற்புற்றுநோய் உள்ள ஐந்து பேருக்கு ஏற்றினார்கள். பாரதூரமான தீங்கு தெரியவில்லை. ஆனால் அவை துளையற்றவை. படம் பிடித்து நோயைக் காட்ட ஏற்றப்பட்டவை. மருந்தைச் சுமந்து போகவில்லை. குருதியில் ஏற்றிப் புற்றுநோய்க்கு மருந்து கொண்டுபோகும் நுண்துளைச் சிலிக்கா பெரும்பாலும் இன்னும் ஆய்வுகூடத் தட்டிலும் எலிக்கூட்டிலும்தான் நிற்கிறது.

ஏன் தாமதம்? காரணங்கள் உண்டு. பூச்சு இல்லாத சிலிக்காவின் மேற்பரப்பு செங்குருதிக் கலங்களை உடைக்கக் கூடியது. உடலுக்குள் அது மெல்லக் கரைந்து சிலிசிக் அமிலமாகிச் சிறுநீரோடு போகும் என்பது நல்ல செய்தி. நாம் குடிக்கும் தண்ணீரிலும் அந்த அமிலம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு வேகத்தில் கரையும் என்பது துணிக்கையின் பருமன், துளை, பூச்சு எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஈரலில் கிடப்பது முழுதாகக் கரையுமுன் அடுத்த தடவை ஏற்றினால் என்ன ஆகும் என்பதை நீண்டகாலம் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். ஆய்வுகூடத்தில் ஒரு கிராம் செய்வது ஒன்று, தொழிற்சாலையில் கிலோக்கணக்கில் ஒவ்வொரு மணியும் ஒரே மாதிரி வரச் செய்வது வேறொன்று.

நமது பக்கம் பார்த்தால், மூலப்பொருளுக்குப் பஞ்சம் இல்லை. ஆலைகளுக்குப் பின்னால் மலைமலையாகக் குவிந்து கிடக்கும் உமியில் இருந்து நுண்துளைச் சிலிக்கா செய்யலாம் என்பதைப் பல நாடுகளின் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். உமியை எரிக்கும் வெப்பத்தில்தான் சூட்சுமம். அளவோடு எரித்தால் பளிங்குருவற்ற சிலிக்கா. வெப்பம் மிஞ்சினால் பளிங்குரு, அதாவது நுரையீரலுக்கு ஆகாத வகை. நம் பிள்ளைகளில் யாராவது உயர்தரத்தில் இரசாயனம் படித்து இந்தச் சாம்பலைக் கையில் எடுத்தால் சந்தோசம்.

கேட்கவேண்டிய கேள்விகள்

அந்தப் போத்தலுக்கு வருவோம். இவ்வளவையும் வாசித்த பிறகு அதைப் பற்றிச் சில கேள்விகள் கேட்க எனக்குத் தெரிந்திருந்தது. சிலிக்கா என்பது வண்டி மட்டும்தான். வண்டிக்குள் ஏறிய மருந்து எது? வாயால் குடித்த துளி, குடலைத் தாண்டி மார்புவரை எப்படிப் போகும்? கதவு எது, எங்கே திறக்கும்? எத்தனை மனிதரில் பார்த்தார்கள், முடிவை எங்கே வெளியிட்டார்கள்? நமது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவு உண்டா? மருமகன் அந்தச் செய்தியில் இருந்த இலக்கத்துக்கு எடுத்து முதல் கேள்வியைக் கேட்டான். "எல்லாம் இயற்கையானது தம்பி" என்றார்கள். இரண்டாவதைக் கேட்கையில் தொடர்பு துண்டிக்கப்பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் செய்தியில் இருந்த வசனங்களிலேயே மிக ஆபத்தானது 'வைத்தியசாலை மருந்தை நிறுத்திவிடலாம்' என்பதுதான். காசு போனால் உழைக்கலாம். ஏற்றவேண்டிய நாளில் ஏற்றாமல் விட்ட மருந்தை அப்படித் திரும்பப் பெற முடியாது. நோவில் கிடக்கிற ஒருவருக்கு 'நோகாத மருந்து' என்ற சொல் எவ்வளவு இனிக்கும் என்பதை விற்கிறவர்கள் அறிவார்கள். ஆகவே வீட்டில் இருக்கிற நாம்தான் அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும். படுத்திருக்கிறவருக்கு அதற்குத் தெம்பு இருக்காது.

ராத்தா மிச்சத் தடவைகளையும் ஏற்றி முடித்தா. முடி திரும்ப முளைத்தது, முன்னைவிடச் சுருளாக. காப்பு இரண்டும் கையில்தான் கிடக்கிறது. வருடத்துக்கு ஒருக்கால் பரிசோதனைக்குப் போய்வருகிறா. இந்தக் கட்டுரையை எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தா.

"அப்ப, அந்த மருந்து இன்னும் வரல்ல."

"இன்னும் வரல்ல, ராத்தா."

"சரி. வந்தாச் சொல்லுங்க. எனக்கில்லாட்டியும் வேற ஆருக்கும் உதவும்."